கப்பல் ஏறுவதற்கு முன் சிங்கப்பூரில் இரண்டு நாள்: ஆச்சியையும் பிள்ளைகளையும் எங்கே கூட்டிப் போவது?

தேவகோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். புதன்கிழமை காலையில் சிங்கப்பூரில் இறங்குகிறார்கள், வெள்ளிக்கிழமை மாலை கப்பல். நான்கு இரவு, பினாங்கும் போர்ட் கிள்ளானும் போய்விட்டு மறுபடி சிங்கப்பூர். அவர், வீட்டுக்காரி, 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூட 71 வயதில் அவருடைய அம்மா, அவருக்கு முட்டி வலி. ஏறுவதற்கு முன்னால் ஊரில் என்னென்ன பார்க்கலாம் என்பதுதான் கேள்வி. டூர்க்காரர் எழுதிக் கொடுத்த பட்டியலையும் அனுப்பியிருந்தார்.

முதலில் அந்தப் பட்டியலை மடித்து உள்ளே வையுங்கள். யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஒரு முழு நாளை விழுங்கிவிடும். நைட் சஃபாரி இருப்பது ஊரின் வடக்கே மண்டாயில், போய்த் திரும்பிப் படுக்க நள்ளிரவாகும். ஆச்சியையும் சின்னப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு இதையெல்லாம் ஓடி ஓடிப் பார்த்துவிட்டுக் கப்பலேறினால், காசு கட்டிய கப்பலில் முதல் இரண்டு நாள் அறைக்குள்ளேயே கிடப்பீர்கள். நீச்சல் குளம், சறுக்கு, மேஜிக் ஷோ, பிள்ளைகள் விளையாட இடம் எல்லாம் கப்பலிலேயே இருக்கும். அதையே தரையிலும் இன்னொரு தடவை காசு கொடுத்துப் பார்ப்பானேன்?

நான் 11 வருடம் அங்கே வேலை பார்த்துவிட்டு இப்போது காரைக்குடியில் டிக்கெட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். என்னைக் கேட்டால், நம் பக்கத்து ஆட்கள் சிங்கப்பூரில் அவசியம் பார்க்க வேண்டியது நம் ஐயாக்கள், அதாவது தாத்தா பாட்டனார்கள், கப்பலை விட்டு இறங்கி நடந்த இடம்தான். தெலோக் ஆயர் தெரு, மார்க்கெட் ஸ்திரீட், ஆற்று முகத்துவாரம், டேங்க் ரோடு முருகன் கோயில், எல்லாம் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆச்சிக்கும் அதில் சொல்ல ஏதாவது கதை இருக்கும், பாருங்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போன கதை இல்லாத வீடு தேவகோட்டையில் எது?

ஊர் சுற்றுவதற்கு முன் ஒரு முக்கியமான விஷயம். சிங்கப்பூரில் பயணிகள் கப்பலுக்கு இரண்டு முனையங்கள். ஒன்று ஹார்பர்ஃபிரண்டில், அதன் பெயர் சிங்கப்பூர் குரூஸ் சென்டர். இன்னொன்று 2012-ல் திறந்த மெரினா பே குரூஸ் சென்டர் சிங்கப்பூர். பெயரைப் பார்த்தீர்களா, யாருக்கும் குழம்பும். என் சின்னம்மா மகன் குடும்பத்தோடு போனபோது டாக்சியில் ஏறி "குரூஸ் சென்டர்" என்று மட்டும் சொல்லியிருக்கிறான், அவர் ஹார்பர்ஃபிரண்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டார், கப்பல் நின்றது மெரினா பேயில். மறுபடி வண்டி பிடித்து, வியர்த்து விறுவிறுத்து, வரிசை மூடப் போகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதனால் டிக்கெட்டில் எந்த முனையம் என்று போட்டிருக்கிறதோ அதை அப்படியே டாக்சிக்காரரிடம் காட்டுங்கள். ரயிலில் போனால் ஹார்பர்ஃபிரண்டுக்கு அதே பெயரில் நிலையம் இருக்கிறது, மெரினா பே முனையத்துக்கு சிவப்புத் தடத்தின் கடைசி நிலையமான மெரினா சவுத் பியரில் இறங்கி நடக்க வேண்டும். பெட்டிகளோடும் ஆச்சியோடும் அந்த நடை வேண்டாம், டாக்சியே சரி. சாதாரண டாக்சியில் நான்கு பேர்தான் ஏற முடியும், நீங்கள் ஐந்து பேர், ஆறு பேர் ஏறுகிற மேக்சிகேப் கேளுங்கள். செயலியில் அழைக்கிற தனியார் கார் என்றால் சின்னப் பிள்ளைகளுக்குத் தனி இருக்கை இருந்தால்தான் ஏற்றுவார்கள், மீட்டர் டாக்சிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

விசா விஷயத்தில் ஒன்றே ஒன்று. கப்பல் மலேசியா போய்த் திரும்பி வருகிறது, அதாவது நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டு தடவை நுழைகிறீர்கள். விசாவில் பலமுறை நுழைய அனுமதி இருக்கிறதா என்று டூர்க்காரரிடம் இப்போதே கேளுங்கள், கிளம்புகிற அன்றைக்குக் கேட்காதீர்கள். வருகை அட்டை என்று ஒன்றை, இறங்குவதற்கு முன்பே, இறங்குகிற நாளையும் சேர்த்து மூன்று நாளைக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், கப்பலில் திரும்பி வரும்போதும் தனியாக நிரப்ப வேண்டும். அது இலவசம். அதற்குக் காசு கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் போலி, அரசாங்கத்தின் குடிநுழைவுத் துறை தளத்தில் மட்டும் செய்யுங்கள்.

சரி, ஊருக்குள் வருவோம்.

புதன்கிழமை காலை. திருச்சியில் இரவு ஏறி நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடுவீர்கள், அந்த ஊர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் தூக்கம் அங்கேயே போச்சு. விடுதியில் அறை மதியம்தான் கொடுப்பார்கள், பெட்டியை மட்டும் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். விடுதியை லிட்டில் இந்தியா பக்கம் போடுங்கள். ஆச்சிக்கு இட்லி, சாதம் கிடைக்கும், கோயில் பக்கம், ஊதா நிறத் தடத்தில் ஏறினால் ஹார்பர்ஃபிரண்ட் வரை ஒரே ரயில். காலைச் சாப்பாட்டுக்கு சிராங்கூன் ரோடு கோமள விலாஸ், 1947-லிருந்து நடக்கிற கடை. தோசை நம் ஊர்த் தோசையைவிட ஒசத்தி என்று சொல்லமாட்டேன், ஆனால் விமானத்தில் அரைப்பட்டினியாக வந்தவருக்கு அது அமிர்தம். அப்புறம் அறை கிடைத்ததும் எல்லோரும் படுத்துத் தூங்குங்கள். நேரம் வீணாகிறதே என்று நினைக்காதீர்கள்.

சாயங்காலம் ஆறு மணி வாக்கில் டேங்க் ரோடு. தெண்டாயுதபாணி கோயில் என்று பலகையில் இருக்கும், அங்குள்ளவர்களுக்கு அது 'செட்டியார் கோயில்'. மதியம் நடை சாத்தியிருப்பார்கள், அதனால்தான் சாயங்காலம் சொல்கிறேன். 1859-ல் நாட்டுக்கோட்டை நகரத்தார் கட்டியது. அதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு குளமும் மரமும் இருந்ததாகவும், மரத்தடியில் வேலை நட்டுக் கும்பிட்டு வந்ததாகவும் சொல்வார்கள். லேவாதேவிக்குப் போன ஊரில் எல்லாம், ரங்கூனோ பினாங்கோ சைகோனோ, தங்களுக்கு வீடு கட்டினார்களோ இல்லையோ, முருகனுக்கு முதலில் இடம் பிடித்தார்கள், வியாபாரத்திலிருந்து மகமை ஒதுக்கித்தான் கோயில் நடந்தது. இப்போது நீங்கள் பார்க்கப் போகிற கட்டடம் அந்தப் பழையது அல்ல, 1983-ல் திரும்பக் கட்டி, 2022 டிசம்பரில் மறுபடி கும்பாபிஷேகம் ஆனது. 2014-ல் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள்.

தைப்பூசத்துக்கு சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து காவடி கிளம்பி இங்கேதான் வந்து முடியும். அதற்கு முதல் நாள் வெள்ளி ரதத்தில் முருகன் இங்கிருந்து கிளம்பி, சைனாடவுனில் கியோங் சைக் ரோட்டில் இருக்கிற லயன் சித்தி விநாயகர் கோயிலுக்கு, அண்ணனைப் பார்க்கப் போய்வருவார். அந்தப் பிள்ளையார் கோயிலும் நகரத்தார் பராமரிப்புதான். 'லயன்' என்ற பெயரைக் கேட்டுச் சிங்கமா என்று உங்கள் பெரிய பிள்ளை கேட்கும். சிங்கம் இல்லை, சிப்பாய் லைன்ஸ் என்று அந்தக் காலத்துப் படைவீரர் குடியிருப்பு இருந்த பக்கத்திலிருந்து வந்த பிள்ளையார், அந்த 'லைன்ஸ்' நம் வாயில் லயன் ஆகிவிட்டது.

கோயிலிலிருந்து டாக்சி பிடித்து கார்டன்ஸ் பை த பே. உள்ளே காசு கொடுத்துப் பார்க்கிற கண்ணாடிக் கூடாரங்கள் இரண்டு, அதைப் பகலில் நேரம் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை. இரவு 7.45-க்கும் 8.45-க்கும் அந்தப் பெரிய இரும்பு மரங்களில் விளக்கும் பாட்டுமாக ஒரு காட்சி, அது இலவசம். பிள்ளைகளைத் தரையில் மல்லாக்கப் படுக்கவிட்டு மேலே பார்க்கச் சொல்லுங்கள், ஆச்சிக்கு மட்டும் சீக்கிரமே போய் ஒரு இடம் பிடித்து உட்கார வையுங்கள். புதன்கிழமை அவ்வளவுதான்.

வியாழக்கிழமைதான் உங்களுடைய முழு நாள். எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள், பதினொரு மணிக்கு மேல் அந்த ஊர்ப் புழுக்கத்தில் பெரியவர்கள் நடக்க முடியாது, குடை எப்போதும் கையில், மழை சொல்லிக்கொண்டு வராது.

தெலோக் ஆயர் தெருவில் ஆரம்பியுங்கள். இன்றைக்கு நாலு பக்கமும் கண்ணாடிக் கோபுரங்கள், ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பகுதியும் இந்தத் தெருதான் கடற்கரை. மண்ணைக் கொட்டிக் கடலைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார்கள், இப்போது தண்ணீரைப் பார்க்க நல்ல நடை நடக்க வேண்டும். கரையாக இருந்தது என்பதற்கு அங்கே இரண்டு சாட்சி. ஒன்று நாகூர் தர்கா, 1828-க்கும் 1830-க்கும் நடுவில் நம் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள் கட்டியது. நாகூர் ஆண்டவர் பெயரில் கடல் தாண்டியும் ஒரு தர்கா. இப்போது உள்ளே இந்திய முஸ்லிம்களின் மரபைச் சொல்லும் காட்சியகம். இன்னொன்று அதே தெருவில் தியான் ஹாக் கெங், கடல் தெய்வமான மாசுவுக்குச் சீனர்கள் 1839-லிருந்து 1842 வரை கட்டிய கோயில். உயிரோடு கரை சேர்ந்தவன் முதலில் நன்றி சொல்லிவிட்டுத்தான் ஊருக்குள் போயிருக்கிறான், நாகப்பட்டினத்துக்காரனும் சரி, சீனாக்காரனும் சரி. கொஞ்சம் தள்ளி சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில், 1827-ல் நாராயண பிள்ளை தொடங்கியது. ஆச்சிக்கு முட்டி தாங்கினால் அதையும் பாருங்கள், முடியாவிட்டால் டேங்க் ரோட்டில் கும்பிட்டதே போதும்.

அடுத்தது மார்க்கெட் ஸ்திரீட், என் கணக்கில் இந்தப் பயணத்தின் நெஞ்சு இதுதான். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் தெருவை அடைத்து நகரத்தார் கிட்டங்கிகள். நீளமான ஒரே கூடம், சுவரோரம் வரிசையாக ஆளுக்கொரு பெட்டியும் சாய்வு மேஜையும், பெட்டிக்குப் பின்னால் சம்மணம் போட்டு மேலாள், அவருக்கு அடுத்தாள், எடுபிடிக்குப் பெட்டியடிப் பையன். பகலில் வட்டிக்கடை, ராத்திரி அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுக்கை, சமையல் எல்லோருக்கும் சேர்த்துப் பின்கட்டில். ஒரு கணக்கு, அதாவது ஒரு வேலைத் தவணை, என்றால் மூன்று வருடம், அது முடிந்தால்தான் ஊருக்கு வந்து பெண்டு பிள்ளையைப் பார்க்க முடியும். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் இன்றைக்கு நாம் வாய் பிளந்து பார்க்கிற பர்மா தேக்குத் தூணுக்கெல்லாம் பின்னால் இந்த மாதிரிக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்த ஆள் ஒருவர் இருப்பார்.

கிட்டங்கிகளை 1970-களில் இடித்துவிட்டார்கள். பிறகு அந்த இடத்தில் கோல்டன் ஷூ என்று பல அடுக்குக் கார் நிறுத்தம் வந்தது, நான் போன புதிதில் அதுதான் இருந்தது, அதற்குள் இருந்த சாப்பாட்டுக் கடைகளில்தான் என் மதியச் சாப்பாடு. அதையும் இடித்து இப்போது கேப்பிட்டாஸ்பிரிங் என்று 51 மாடி, 280 மீட்டர் உயரக் கட்டடம். கீழ் மாடிகளில் மறுபடியும் சாப்பாட்டுக் கடைகள், உச்சியில் ஒரு தோட்டம். வார நாட்களில் குறிப்பிட்ட நேரங்களில் பொதுமக்களை அந்த உச்சித் தோட்டத்துக்கு இலவசமாக விடுகிறார்கள். வியாழக்கிழமை போகிறீர்கள், நேரத்தை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறிவிடுங்கள். மெரினா பே சாண்ட்ஸ் மேல்தளத்துக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கட்டிப் போவதற்கு இது எவ்வளவோ மேல். ஆறு, துறைமுகம், தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்கள் எல்லாம் காலடியில் தெரியும். ஐயா பாய் விரித்த தெருவுக்கு மேலே 51-ஆவது மாடியில் கொள்ளுப்பேரன் நிற்கிறான் என்று ஆச்சியிடம் சொல்லிப் பாருங்கள்.

கீழே இறங்கிக் கடற்பக்கம் நடந்தால் புல்லர்ட்டன். 1928-ல் கட்டிய கட்டடம், பொதுத் தபால் நிலையமாக இருந்தது, 2001-லிருந்து ஓட்டல். கிட்டங்கியில் இருந்தவர்கள் ஊருக்கு எழுதிய கடிதமெல்லாம் இந்த வாசலைத் தாண்டித்தான் போயிருக்கும். அதற்கு எதிரே 1933-ல் திறந்த கிளிஃபர்டு பியர், படகில் வந்தவர்கள் கரையேறிய துறை. நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறிய கதையை ஆச்சி கேட்டிருப்பார். 1926-ல் கட்டிய கப்பல், கரைக்கு வராது, நடுக்கடலில் நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், அப்புறம் சிங்கப்பூர். போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது இன்றைய போர்ட் கிள்ளான்தான். அதாவது உங்கள் கப்பல் போகப் போவது அதே கடல்வழி, எதிர்த்திசையில், ஏசி அறையில். அன்றைக்குக் கப்பலின் திறந்த தளத்தில் படுத்து வந்தவர்களில் பலரை நோய்ப் பயத்தில் நேரே ஊருக்குள் விடாமல், செயிண்ட் ஜான்ஸ் தீவில் கொண்டுபோய்த் தனியே வைத்திருந்துதான் அனுப்பினார்கள்.

புல்லர்ட்டனை ஒட்டி 1869-ல் கட்டிய கேவனா பாலம் இருக்கிறது, வண்டி கிடையாது, நடந்து தாண்டலாம். தாண்டியதும் எம்பிரஸ் பிளேஸில் ஆற்றோரமாக வெண்கலச் சிலைக் கூட்டம் ஒன்று. அதன் பெயரே 'செட்டியார் முதல் நிதித்துறையினர் வரை' என்கிற மாதிரிதான். ஒரு பக்கம் நம் செட்டியார், இன்னொரு பக்கம் இந்தக் காலத்துப் பணத் தொழில்காரர்கள். சுற்றுலாக்காரர்கள் எல்லாம் அதைத் தாண்டி, சிங்கத் தலையும் மீன் உடலுமான மெர்லயன் சிலையைப் பார்க்க ஓடிக்கொண்டிருப்பார்கள். நீங்களும் மெர்லயனைப் பாருங்கள், பிள்ளைகள் விடமாட்டார்கள், அது பாலத்துக்குப் புல்லர்ட்டன் பக்கம், நடக்கிற தூரம்தான், ஆனால் நிழல் கிடையாது, பத்து நிமிடத்துக்கு மேல் அங்கே வேலையும் இல்லை.

மதிய வெயிலுக்கு அந்தச் சிலைகளுக்குப் பக்கத்திலேயே ஆசிய நாகரிக அருங்காட்சியகம். குளுகுளு, உட்கார இடம் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் இந்தோனேசியாவின் பெலித்தோங் தீவுப் பக்கம் மூழ்கிய அரபுக் கப்பல் ஒன்றிலிருந்து எடுத்த சீனப் பீங்கான்களை ஒரு கூடம் முழுக்க வைத்திருக்கிறார்கள். அந்தக் கப்பலில் கிடைத்தவை மொத்தம் 60,000-க்கு மேல். செட்டிநாட்டு வீட்டில் பீங்கான் சாமான்களை எண்ணி எண்ணி அடுக்கி வளர்ந்தவர்களுக்கு அந்தக் கூடத்தை விட்டு வர மனசு வராது. வெயில் தாழ்ந்ததும் ஆற்றில் பழைய மாதிரிப் படகில் முக்கால் மணி நேரச் சவாரி, முட்டி வலிக்காரர் உட்கார்ந்த இடத்திலேயே ஊரைப் பார்த்துவிடலாம். முந்தைய காலத்தில் சரக்குக் கப்பலுக்கும் ஆற்றோரச் சரக்குக் கிடங்குக்கும் நடுவே மூட்டை சுமந்தவை இந்தப் படகுகள்தான்.

அலைச்சல் தாங்குகிறது என்றால் திரும்பும்போது லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம், 2015-ல் திறந்தது. உள்ளே நம் செட்டிநாட்டு வீட்டு நிலைக்கதவு ஒன்றை, ஆயிரக்கணக்கான நுண்சிற்பங்களோடு, நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நம் தெருவில் தினம் பார்க்கிற நிலைதானே என்று நினைப்பீர்கள். இடித்து விற்றுப் பழைய சாமான் கடைக்குப் போனவற்றையும் நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா, கண்ணாடிக் கூடத்தில் விளக்குப் போட்டு அதைப் பார்க்கும்போது மனசு என்னமோ செய்யும். திங்கட்கிழமை விடுமுறை, வியாழன் திறந்திருக்கும், சாயங்காலம் சீக்கிரம் மூடிவிடுவார்கள். முஸ்தபா கடைக்கு இரவு போகலாம், ஆனால் வாங்குவதைக் கப்பல் திரும்பி வந்த பிறகு வாங்குங்கள், இல்லையென்றால் நான்கு நாள் தைலமும் சாக்லேட்டும் கப்பல் அறையில் உங்களோடு படுத்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஒன்றும் வைக்காதீர்கள். மெதுவாக எழுந்து, சாப்பிட்டு, மதியத்துக்கு முன்பே முனையத்துக்குப் போய்விடுங்கள். கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே வரிசையை மூடிவிடுவார்கள், அப்புறம் கெஞ்சினாலும் நடக்காது. பெரிய பெட்டிகளைச் சீட்டுக் கட்டி வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், அவை அறைக்கு வந்து சேரச் சாயங்காலமாகும். அதனால் பாஸ்போர்ட், ஆச்சியின் மாத்திரை, பிள்ளைகளுக்கு ஒரு மாற்றுத் துணி எல்லாம் கைப்பையில். ஆச்சிக்குச் சக்கர நாற்காலி வேண்டுமானால் கப்பல் கம்பெனிக்கு இப்போதே எழுதிச் சொல்லிவிடுங்கள், முனையத்தில் உள்ள நடை நீளம்.

சாப்பாட்டு மூட்டை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் வீடுகளை எனக்குத் தெரியும். முறுக்கு, சீப்புச்சீடை சிங்கப்பூருக்குள் கொண்டுபோகலாம், கப்பலுக்குள் வீட்டுப் பலகாரத்தைப் பெரும்பாலும் விடமாட்டார்கள், கடையில் வாங்கி உறை பிரிக்காதது என்றால் விடுவார்கள். அதனால் வியாழக்கிழமைக்குள் தின்று தீர்த்துவிடுங்கள். கசகசா போட்ட மசாலாப் பொடி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், அங்கே கசகசாவுக்குப் போதைப்பொருள் துறையின் கட்டுப்பாடு உண்டு. ஆச்சி வெற்றிலை போடுகிறவராக இருந்து கூடப் புகையிலையும் சேர்க்கிறவர் என்றால் அதையும் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள், மெல்லுகிற புகையிலை சிங்கப்பூரில் தடை. கண்ட இடத்தில் துப்பினால் அபராதம் என்பது உங்களுக்கே தெரியும். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை இருந்தால் மருத்துவர் சீட்டு கையில் இருக்கட்டும், சிலவற்றுக்கு முன்கூட்டியே அனுமதியும் வாங்க வேண்டும்.

பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனை ஒட்டிய சுவெட்டன்ஹாம் பியரிலேயே நிற்கும், இறங்கி நடந்தால் அங்கேயும் ஒரு லிட்டில் இந்தியா, தண்ணீர்மலைப் பக்கம் அங்கேயும் நகரத்தார் தண்டாயுதபாணி. அதற்குக் கப்பலில் விற்கிற டூர் டிக்கெட் தேவையே இல்லை, டாக்சி போதும். எத்தனை மணிக்கு நிறுத்துகிறார்கள், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதையும், சிங்கப்பூரில் எந்த முனையம் என்று டிக்கெட்டில் இருப்பதையும் எழுதி அனுப்புங்கள், அதை வைத்து பினாங்குக்கும் சொல்கிறேன்.